துப்பாக்கி பழக யாரிடம் போவது?

பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய ஆறு பதக்கங்களில் மூன்று, துப்பாக்கி சுடுதலில் வந்தவை. மனு பாக்கருக்கு ஒன்று, அவருக்கும் சரப்ஜோத் சிங்குக்கும் சேர்த்து ஒன்று, ஸ்வப்னில் குசாலேவுக்கு ஒன்று. அதற்குப் பிறகு, பாளையங்கோட்டையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு நிற்கும் பெற்றோர் பேச்சில் கிரிக்கெட், பேட்மின்டனோடு ஏர் ரைஃபிளும் சேர்ந்துகொண்டது. எங்கே சேர்க்கலாம், மாசம் எவ்வளவு ஆகும், துப்பாக்கி சொந்தமாக வாங்க வேண்டுமா என்று விசாரிக்கிறார்கள். சொல்லிக் கொடுப்பவர் யார், அவருக்கு அந்தத் தகுதி எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பவர்கள் குறைவு.

பிள்ளையைப் பெற்றவர்கள் மட்டுமா கேட்கிறார்கள்? மலையடிவாரத்தில் வாழை போட்டுவிட்டுப் பன்றிக்குப் பயந்து ராத்திரி முழிக்கிற விவசாயி கேட்கிறார். அப்பா பெயரில் இருந்த உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்ற நினைக்கும் மகன் கேட்கிறார். வங்கியிலும் நகைக்கடையிலும் துப்பாக்கிக் காவலாளியாகப் போக நினைக்கும் முன்னாள் ராணுவத்தார் கேட்கிறார். ஊரில் ஒரு கொலை விழுந்த வாரத்தில், நமக்கும் ஒன்று இருந்தால் நல்லதோ என்று யோசிக்கத் தொடங்கும் வியாபாரியும் கேட்கிறார்.

இவர்கள் எல்லோரும் பயிற்றுநரை எடைபோடுகிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான். முறுக்கிய மீசை, நிமிர்ந்த உடம்பு, சுவரில் பதக்கங்கள், செல்போனில் பெரிய பெரிய துப்பாக்கிகளோடு எடுத்த படங்கள். அவர் சுட்டிருக்கிறார் என்பதற்கு இவை சாட்சி. உங்கள் பிள்ளை தப்பாக ஒரு அசைவு அசைந்தால் அதை அந்த நொடியே நிறுத்தத் தெரிந்தவரா என்பதை இவற்றில் பார்க்க முடியாது. துப்பாக்கி வாத்தியாரின் முதல் தகுதி அந்த நிறுத்தம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆயுதம் பறிக்கப்பட்ட சீமை

நெல்லைச் சீமைக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு பழையது, கசப்பானது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு, கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர்களும் அவர்களுடைய ஆட்களும் வைத்திருந்த ஆயுதங்களை எல்லாம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. கோட்டைகள் இடிபட்டன. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை அடைத்து வைத்திருந்தது இதே பாளையங்கோட்டையில்தான். 1801 பிப்ரவரியில் அவர் இங்கிருந்து தப்பிப்போய் மறுபடி கோட்டை கட்டிப் போரிட்டார். அந்தப் போர் முடிந்தபோது ஆயுதப் பறிப்பு இன்னும் இறுகியது. 1878-ல் வந்த ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் இந்தியர் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதை நாடு முழுவதற்குமான விதியாக்கியது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கி பழகினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது.

இந்தப் பழங்கதைக்கு இன்றைக்கும் ஒரு விளைவு உண்டு. தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி இங்கே போலீஸ்காரர் தோளிலும், ஜமீன் வீட்டுச் சுவரிலும், அடிவாரத்து வீட்டு உத்தரத்திலும் இருந்த பொருள். அதைப் பழக்கிவிட ஓர் ஆசான் வரிசை ஊருக்குள் உருவாகவில்லை. சிலம்பத்துக்கு அப்படி ஒரு வரிசை இருக்கிறது. ஒரு சிலம்ப ஆசானைப் பற்றித் தெருவில் நாலு பேரிடம் கேட்டால், அவர் யாரிடம் கம்பு பிடித்தார், எத்தனை வருஷம் பழகினார், கோபக்காரப் பையன் எவனை அவர் ‘நாளையிலேர்ந்து வராதடே’ என்று அனுப்பிவிட்டார் என்பது வரை சொல்லிவிடுவார்கள். துப்பாக்கி வாத்தியாரைப் பற்றி அப்படிச் சொல்ல ஊருக்கு விவரம் போதாது. அதனால்தான் மீசையைப் பார்த்து முடிவெடுக்கிறோம்.

சட்டம் என்ன கேட்கிறது?

இப்போது நடப்பில் இருப்பது 1959-ம் வருட ஆயுதச் சட்டம். அதன்கீழ் 2016 ஜூலையில் புதிய விதிகள் வந்தன. பலருக்குத் தெரியாத விஷயம், உரிமம் கேட்டு விண்ணப்பிக்கிறவர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பதை இந்த விதிகள்தான் கொண்டுவந்தன. துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாள்வது, சுடும் முறை, பராமரிப்பு, வீட்டில் பூட்டி வைப்பது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது, சட்டம் என்ன சொல்கிறது என்கிற அடிப்படை அறிவு எல்லாம் இந்தப் பயிற்சியில் அடங்கும். அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர் சொல்லிக் கொடுத்து, முடித்தவருக்கு எஸ்-1 என்ற படிவத்தில் சான்றிதழ் தருவார். சான்றிதழ் கையில் இருப்பதாலேயே உரிமம் கிடைத்துவிடாது. போலீஸ் விசாரணையும் அதிகாரியின் முடிவும் தனி.

“சர்டிபிகேட் மட்டும் போட்டுத் தாங்க அண்ணாச்சி, கிளாஸுக்கெல்லாம் நேரமில்ல” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குத் தலையாட்டுகிற பயிற்றுநர் எவராக இருந்தாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்தக் காகிதத்தில் அவர் கையெழுத்துப் போடுவது, இந்த ஆள் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்தில்லை என்பதற்கு. பார்க்காத வகுப்புக்குக் கையெழுத்திட்டவர், இன்னும் எத்தனை பேருக்கு அப்படிப் போட்டிருப்பார்?

வயது விஷயத்திலும் சட்டம் பயிற்றுநரைத்தான் நம்பி நிற்கிறது. பொதுவாக 21 வயதுக்குக் கீழே உரிமம் கிடையாது. 12 வயது நிரம்பிய பிள்ளைகள் இலக்குச் சுடுதல் பழகலாம், ஆனால் வயதுவந்த பயிற்றுநரின் நேரடி மேற்பார்வையில் மட்டும். நேரடி என்றால் நேரடிதான். பிள்ளைகள் உள்ளே சுட்டுக்கொண்டிருக்க, மாஸ்டர் வெளியே டீக்கடையில் போன் பேசிக்கொண்டு நின்றால், அங்கே நடப்பது பயிற்சி ஆகாது.

ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டலுக்கு வருவோம். குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், குழல்முனை ஆற்றல் 20 ஜூலுக்கும் மேல் போகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். இந்தச் சலுகை இல்லாவிட்டால் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு எட்டியே இருக்காது. அதே சலுகையால், ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, நாலு ஏர் ரைஃபிளை வாங்கிப் போட்டு ‘அகாடமி’ என்று பலகை மாட்டவும் யாராலும் முடிகிறது. ‘காத்துத் துப்பாக்கிதானே’ என்று சொல்லும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஈய பெல்லட் ஒரு கண்ணைப் பறிக்கப் பத்து மீட்டர் போதும்.

ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள்

பணம் கட்டுவதற்கு முன்னால், ஒரு வகுப்பை முதலிலிருந்து கடைசி வரை பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல பயிற்றுநர் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். எங்கே உட்காரலாம், எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று உங்களுக்கும் சொல்வார். பார்வையாளருக்கு விதி சொல்லாதவர் மாணவருக்கும் சொல்லியிருக்க மாட்டார்.

முதலில் துப்பாக்கி பெட்டியிலிருந்து வெளியே வருகிற விதத்தைக் கவனியுங்கள். பெட்டியை மேசையில் வைத்து, குழல் முனை இலக்கைப் பார்க்கும்படி திருப்பிய பிறகுதான் திறக்க வேண்டும். குழலுக்குள் ஆரஞ்சு அல்லது பச்சை நிறத்தில் ஒரு மெல்லிய வயர் ஓடி, இரண்டு முனையிலும் வெளியே தெரியும். அதுதான் பாதுகாப்புக் கொடி. உள்ளே குண்டு இல்லை என்று தூரத்திலிருந்தே காட்டுகிற அடையாளம் அது. ‘லோட்’ என்று கட்டளை வந்த பிறகுதான் பெல்லட் உள்ளே போக வேண்டும், ‘ஸ்டார்ட்’ வந்த பிறகுதான் சுட வேண்டும். ‘ஸ்டாப்’ என்றால் பாதி மூச்சில் இருந்தாலும் விரல் வெளியே வந்துவிட வேண்டும்.

மின்னணு இலக்கு இல்லாத இடங்களில் அட்டையை மாற்ற யாராவது முன்னால் நடந்து போவார்கள். அந்த அரை நிமிடம்தான் பயிற்றுநருக்குப் பரீட்சை. எல்லாத் துப்பாக்கியும் திறந்த நிலையில், கொடி போட்டு, மேசை மேல் கிடக்க வேண்டும். ஒருவர் கையும் அதைத் தொடக் கூடாது. எங்கேயாவது ஒரு பையன், குறிமானியின் திருகைக் கொஞ்சம் திருப்பலாம் என்று கையை நீட்டுவான். வேண்டுமென்று செய்கிற தப்பல்ல, ஆர்வம். அப்போது பயிற்றுநர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அட்டை மாற்றப் போனவரைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, அந்தப் பையன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாரா? வகுப்பு முழுக்கக் குரலை உயர்த்தாத ஒருவர், அந்த ஒரு தருணத்தில் மட்டும் கூடமே அதிரச் சத்தம் போட்டு, அத்தோடு பயிற்சியை நிறுத்தி, எல்லோரையும் பின்னால் வரச் செய்து, என்ன நடந்திருக்கும் என்று விளக்கினால், அவரிடம் தைரியமாகப் பிள்ளையை ஒப்படைக்கலாம். ஆபத்தைக் கண்டால் அறையில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளைகூட ‘ஸ்டாப்’ சொல்லலாம், சொன்னால் எல்லோரும் நிறுத்தியே ஆக வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லித் தருகிறவர் இன்னும் மேல்.

அமெரிக்கரான ஜெஃப் கூப்பர் நாலு விதிகளைப் பிரபலமாக்கினார். எல்லாத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே. குறி இலக்கில் நிலைக்கும் வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். உலகம் முழுக்கப் பயிற்சிக் கூடங்களில் ஏதோ ஒரு வடிவில் இந்த நாலும் சொல்லப்படுகின்றன. சுவரில் ஒட்டியிருப்பது சுலபம். வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, நாலாவது விதி என்னம்மா என்று கேளுங்கள். பதிலில் பயிற்றுநர் தெரிந்துவிடுவார்.

“பத்து நாளா ஒரு குண்டுகூடச் சுட விடல” என்று சில பெற்றோர் குறைப்படுகிறார்கள். அது நல்ல சகுனம். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்து மதிப்பெண்ணுக்கான இடம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளி. போட்டியில் 60 குண்டுகளை 75 நிமிடத்துக்குள் சுட வேண்டும். நாடித் துடிப்பே குழலை அசைத்துவிடும் விளையாட்டு இது. அதனால் குண்டு போடாமல் வெறுமனே குறிபார்த்து விசையை அழுத்திப் பழகுவதுதான் அஸ்திவாரம். குழலின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, விசையை அழுத்தும்போது அது விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும் பயிற்சி இருக்கிறது. நாணயம் விழாத நாள் வரும்வரை பொறுமையாக நிற்க வைக்கிற ஆளைத்தான் தேட வேண்டும். எந்தக் கண் ஆதிக்கக் கண் என்று முதல் நாளே சோதிக்கிறாரா என்பதையும் பாருங்கள். இரண்டு கையாலும் ஒரு சின்ன ஓட்டை செய்து அதன் வழியே தூரத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்வார்கள். ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஆரம்பித்தால் பிள்ளை வருஷக்கணக்கில் தப்பான தோளில் பழகும்.

போட்டி ஏர் ரைஃபிளின் எடை ஐந்தரை கிலோ வரை போகலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அந்த மாதிரி எடையோடு மணிக்கணக்கில் நிற்க வைத்தால் முதுகு தாங்காது. துப்பாக்கிக்குத் தாங்கி கொடுத்து, நேரத்தைக் குறைத்து, உடற்பயிற்சியால் முதலில் உடம்பைத் தயார் செய்கிறாரா என்று கேளுங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்களில் பெரிய வித்தியாசம் தெரியும். இப்போதைய காற்றுத் துப்பாக்கிகளில் அழுத்தமான காற்றை அடைத்து வைக்கும் உருளை இருக்கிறது. உள்ளே 200 பார் வரை அழுத்தம். ஒவ்வொரு உருளையிலும் பயன்படுத்தும் காலக்கெடு பொறித்திருக்கும். பொதுவாகப் பத்து வருடம். 2025 மே மாதம் டெல்லியில் பயிற்சியின்போது பிஸ்டலின் உருளை வெடித்து, விமானப்படையைச் சேர்ந்த ஒரு வீரர் கட்டைவிரலை இழந்தார். இரண்டாம் கைத் துப்பாக்கிகள் அதிகம் புழங்கும் இடங்களில், உருளையின் தேதி என்ன என்று கேளுங்கள். கேட்டதும் எடுத்துக் காட்டுகிறவர் தினமும் பார்க்கிறவர். இரண்டாவது, ஈயம். பெல்லட் தொட்ட கையோடு பிள்ளைகள் முறுக்கையோ கடலை மிட்டாயையோ எடுத்து வாயில் போடுவார்கள். ஈயம் வளரும் மூளைக்குக் கெடுதல். கூடத்துக்குள் தின்பண்டம் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் ஒருவரும் வெளியே போகக் கூடாது என்று வாசலில் நின்று பார்க்கிற பயிற்றுநரை நான் முழு மனதோடு மதிக்கிறேன்.

சுடத் தெரிந்தவர் எல்லோரும் வாத்தியாரா?

தாமிரபரணிப் பக்கம் ஆயுதம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. மணிமுத்தாற்றில் தமிழ்நாடு சிறப்புக் காவல்படை இருக்கிறது. ராணுவத்திலும் துணை ராணுவத்திலும் பணி முடித்துத் திரும்பியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் என்.சி.சி. வழியாகப் புள்ளி இருபத்திரண்டு ரைஃபிளைத் தொட்டுப் பார்த்தவர்கள் ஏராளம். ராணுவத்தாரின் ஒழுங்கு பெரிய மூலதனம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவர்களுக்குப் பழக்கப்பட்ட மாணவர், கட்டளைக்குக் கீழ்ப்படியும் இருபது வயது இளைஞர். பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கும் அறுபது வயது விவசாயிக்கும் சொல்லிக் கொடுப்பது வேறு வித்தை. அதைத் தனியாகக் கற்க வேண்டும்.

அதைக் கற்காததன் விலையை 2014 ஆகஸ்ட் 25 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் பார்த்தோம். சுற்றுலாப் பயணிகளுக்காக நடந்த ஒரு சுடுதளத்தில், ஒன்பது வயதுச் சிறுமி கையில் ஊஸி என்ற இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்தார் பயிற்றுநர். ஒற்றைக் குண்டாக ஒருமுறை சுட வைத்தார். அடுத்து, தொடர்ந்து சுடும் நிலைக்கு மாற்றினார். உதைப்பில் குழல் மேலே எழும்பித் திரும்பியது. குண்டு அவர் தலையில் பாய்ந்தது. அவர் ராணுவத்தில் இருந்தவர், துப்பாக்கி தெரியாதவர் அல்லர். அந்தச் சின்னக் கைகளுக்கு அது தாங்காது என்று மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கவில்லை. அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்க வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று நடந்தது. 2021 டிசம்பர் 30, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை. பசுமலைப்பட்டி சுடுதளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், தூரத்தில் தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. நாலு நாள் கழித்துத் தஞ்சாவூர் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற அந்த நாலாவது விதிக்கு என்ன அர்த்தம் என்பதை அந்த வீட்டைப் போல வேறு எதுவும் சொல்லாது. வெட்டவெளித் தளத்துக்குப் போகிறவர்கள், பின்மேடு எவ்வளவு உயரம், அதற்கு அப்பால் எந்த ஊர் என்று பயிற்றுநரைக் கேட்கத் தயங்கவே கூடாது.

நல்ல பயிற்றுநர் எப்படி இருப்பார் என்பதற்குக் கேரளத்தைத்தான் பார்க்க வேண்டும். சன்னி தாமஸ், கோட்டயம் மாவட்டத்தில் ஆங்கிலப் பேராசிரியர். ரைஃபிளில் தேசிய சாம்பியனாக இருந்தவர். 1993 முதல் 2012 வரை இந்திய அணியின் பயிற்சியாளர். ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் ரத்தோருக்கு வெள்ளி, பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவுக்குத் தங்கம், லண்டனில் விஜய் குமாருக்கு வெள்ளி, சென்னையில் பிறந்த ககன் நரங்குக்கு வெண்கலம், எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. 2001-ல் துரோணாச்சார்யா விருது பெற்ற அவர் 2025 ஏப்ரலில் காலமானார். வகுப்பறையில் பாடம் நடத்திப் பழகிய ஒருவர் அந்த இடத்தில் அத்தனை வருடம் நிலைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எதிரில் இருக்கும் மாணவருக்கு எது புரியவில்லை என்று கண்டுபிடிப்பதுதானே வாத்தியார் வேலை.

பிந்த்ராவின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. சண்டிகரில் கர்னல் தில்லானிடம் தொடங்கியவர், பின்னாளில் சுவிட்சர்லாந்தின் காபி புல்மனிடம் போனார். மாணவர் தன் எல்லையைத் தாண்டி வளர்ந்துவிட்டால், அடுத்த ஆளைக் காட்டி அனுப்பத் தெரிந்தவரே நல்ல பயிற்றுநர். இனிமேல் நீ அங்கே போ என்று சொல்ல மனம் வராதவரிடம் பிள்ளையின் நல்ல வருடங்கள் வீணாகும். மனு பாக்கர் 2021-ல் தன் பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாவைப் பிரிந்தார், டோக்கியோவில் பிஸ்டல் பழுதாகி நிமிடங்களை இழந்து வெளியேறினார், 2023-ல் மறுபடி அவரிடமே போனார். பாரிஸில் ராணாவுக்கு அணியில் அதிகாரப்பூர்வ இடம் இல்லை. பார்வையாளர் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். சுற்றுகளுக்கு இடையில் மனுவின் கண் அந்த வரிசையைத்தான் தேடியது.

விசாரிக்க வேண்டிய சில

சர்வதேச துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு, பயிற்சியாளர்களுக்கு டி-யில் தொடங்கி ஏ வரை படிப்படியாக உரிமம் தருகிறது. 1951-ல், மக்களவைத் தலைவராக இருந்த மாவலங்கர் முயற்சியில் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கமும் பயிற்சியாளர்களுக்கான வகுப்புகள் நடத்துகிறது. உங்கள் பயிற்றுநரிடம் இதில் எது இருக்கிறது, எந்த வருடத்தில் வாங்கியது என்று கேளுங்கள். கிளப், மாநிலச் சங்கத்தோடு இணைந்ததா என்பதும் முக்கியம். இணைப்பு இல்லாவிட்டால் பிள்ளை எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் மாநிலப் போட்டி, மண்டலப் போட்டி, தேசியப் போட்டி என்று ஏறிப் போக வழி இருக்காது. உண்மையான தகுதி உள்ளவருக்கு இந்தக் கேள்வி கோபம் வரவைக்காது.

சேர்ந்த முதல் மாதத்திலேயே ‘வெளிநாட்டு ரைஃபிள் வாங்கிடுங்க, நானே எடுத்துத் தரேன்’ என்று சொன்னால் நிதானியுங்கள். அந்த மாதிரித் துப்பாக்கி லட்சக்கணக்கில் ஆகும். வளரும் பிள்ளையின் கை, தோள், உயரம் எல்லாம் ஒவ்வொரு வருடமும் மாறும். கிளப் துப்பாக்கியிலேயே ஒரு வருடமாவது பழக விடுகிறவர் உங்கள் காசையும் மதிக்கிறவர்.

பெண் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள் வெட்கப்படாமல் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. நிலையைச் சரிசெய்ய இடுப்பையும் தோளையும் முழங்கையையும் தொட வேண்டிய விளையாட்டு இது. தொடுவதற்கு முன் சொல்லி, அனுமதி கேட்டு, பலர் பார்க்க மட்டும் தொடுகிறாரா? தனி வகுப்பு என்ற பெயரில் கதவு மூடப்படுகிறதா? வெளியூர்ப் போட்டிக்கு உடன் போகும் பெண் யார்? இவற்றுக்கு நேர்ப்பதில் வராத இடத்தில், எத்தனை பதக்கம் சுவரில் தொங்கினாலும் சேர்க்காதீர்கள்.

காவலாளி வேலைக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டியது வேறு. விசையை அழுத்தியும் குண்டு வெடிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று சொல்லித் தருகிறாரா? உடனே திறந்து பார்க்கிற அவசரத்தில் கைகள் போயிருக்கின்றன. குழல் பாதுகாப்பான திசையைப் பார்த்தபடியே முப்பது விநாடி காத்திருக்க வேண்டும். நகைக்கடை வாசலில் நிற்பவர், கூட்டத்துக்கு நடுவே சுடவே முடியாத தருணங்களே அதிகம் என்பதையும் உணர்ந்திருக்க வேண்டும். அடிவாரத்து விவசாயியின் சிக்கல் இன்னும் பழையது. குழல்வாய் வழியே மருந்தும் ரவையும் கெட்டிக்கும் துப்பாக்கியை நிரப்பிவிட்டால், சுட்டுத்தான் காலி செய்ய வேண்டியிருக்கும். அதனால் நிரப்பியபடியே உத்தரத்தில் செருகி வைப்பார்கள். கீழே பேரப் பிள்ளைகள் விளையாடும். இதைத் தெரிந்த பயிற்றுநர் முதலில் அந்த உத்தரத்தைப் பற்றித்தான் பேசுவார். பன்றியைச் சுடலாமா என்று கேட்டால் உள்ளதைச் சொல்வார். வன உயிரினச் சட்டம் இருக்கிறது, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பன்றியைச் சுடும் அனுமதியையும் அரசு வனத்துறையினருக்குத்தான் கொடுத்திருக்கிறது, நீங்கள் சுட்டால் வழக்கு உங்கள் மேல்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது, கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் சிறைத்தண்டனை வரலாம், தேர்தல் அறிவிப்பு வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டிவரலாம் என்பதையும் சேர்த்தே சொல்வார்.

கடைசியாக, அவர் யாரையாவது மறுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். நம் மாவட்டத்தில் வரப்புத் தகராறும் சாதிச் சண்டையும் பழிவாங்கலும் எப்படி வளர்கின்றன என்று நமக்குத் தெரியும். எதற்குப் பழக வருகிறீர்கள் என்று கேட்டு, பதிலில் ஒரு பெயரோ ஒரு பகையோ தலைகாட்டினால் ‘போயிட்டு வாங்க’ என்று அனுப்புகிற பயிற்றுநர் நமக்கு வேண்டும். குடித்த வாடையோடு வந்தவரை வாசலோடு திருப்புகிறவர் வேண்டும். சோர்ந்து, பேச்சுக் குறைந்து, திடீரென்று துப்பாக்கியில் ஆர்வம் காட்டும் ஒரு இளைஞனைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்து, வீட்டாரிடம் பேசுகிறவர் வேண்டும். இத்தனைக்கும் கட்டணம் போய்விடும். போனால் போகட்டும் என்று நினைக்கிறவரை ஊர் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கு உரிமம் கேட்டு வருகிறவர் கண்ணில் படும்படி, எஸ்-1 சான்றிதழ் தர அங்கீகாரம் உள்ள பயிற்றுநர்களின் பெயரையும், அங்கீகாரம் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். மாநிலச் சங்கத்தோடு இணைந்த கிளப்களின் பட்டியலை மாவட்ட விளையாட்டு அலுவலகம் பள்ளிகளுக்கு அனுப்பலாம். கோடை விடுமுறை வந்தால் பத்து நாள் முகாம் என்று நோட்டீஸ்கள் வரும். மூன்று துப்பாக்கிக்கு ஐம்பது பிள்ளைகளைச் சேர்க்கும் முகாம் எது, முறையானது எது என்று பெற்றோருக்குத் தெரிய, ஏப்ரலுக்கு முன்னாலேயே அந்தப் பட்டியல் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும்.